ஸ்ரீகாந்த் (2024): படம் ஒரே பாட்டில் தாண்டிப்போன இடங்கள் – விவாத இழை

எழில்_திருச்சி

துஷார் ஹிரானந்தானி இயக்கி ராஜ்குமார் ராவ் நடித்த 'ஸ்ரீகாந்த்' பற்றி இங்கே தனி இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன். 2024 மே 10-ல் தியேட்டருக்கு வந்த படம், ஜூலையில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது.

கதை தெரியாதவர்களுக்கு: மச்சிலிப்பட்டினம் பக்கம் சீதாராமபுரத்தில் 1991-ல் பிறவியிலேயே பார்வையில்லாமல் பிறந்தவர் ஸ்ரீகாந்த் பொல்லா. நம்மூர் கிரிக்கெட் வீரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் மேல் அப்பாவுக்கு இருந்த பிரியத்தில் வைத்த பெயர் என்று படம் காட்டுகிறது. அதே அப்பா, குழந்தைக்குப் பார்வையில்லை என்று தெரிந்ததும் குழி தோண்டப் போகிறார். படம் தொடங்குவதே அப்படித்தான். பத்தாவது முடித்தவருக்கு அறிவியல் பிரிவு கிடையாது என்கிறது போர்டு. வழக்குப் போட்டு ஜெயித்து, பன்னிரண்டாவதில் 98 சதவீதம் வாங்குகிறார். ஐஐடி பயிற்சி மையங்கள் சேர்க்க மறுக்க, அமெரிக்காவின் எம்ஐடி சேர்த்துக்கொள்கிறது. திரும்பி வந்து 2012-ல் ஹைதராபாத்தில் பொல்லன்ட் இண்டஸ்ட்ரீஸ் தொடங்குகிறார். பாக்கு மட்டையிலிருந்து பொருள்கள், வேலை பார்ப்பவர்களில் பலர் மாற்றுத்திறனாளிகள். பிறகு ரத்தன் டாடாவின் முதலீடு, 2017-ல் ஃபோர்ப்ஸின் 30 வயதுக்குட்பட்டோர் ஆசியப் பட்டியல்.

தீர்ப்பு வருகிறது, கொஞ்ச நேரத்தில் மார்க் வருகிறது. நடுவே அந்தப் பையன் இயற்பியலை எப்படிப் படித்தான்? பாடப் புத்தகப் படத்தை எப்படி 'பார்த்தான்'? சமன்பாட்டை எப்படி எழுதினான்? தொழிற்சாலையில் சூடான அச்சுக்கு முன்னால் பார்வையில்லாதவர் எப்படி நிற்கிறார்? இவற்றுக்குப் படத்தில் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'தன்னம்பிக்கை', 'விடாமுயற்சி' என்ற அளவில் நிறுத்திவிட வேண்டாம்.

ஆறுபுள்ளி

எழில், கேட்க வேண்டிய கேள்வி. படிப்புப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாடப் புத்தகங்களை ஒலிப்பதிவாக்கிக் கேட்டுப் படித்தார் என்பது அவரைப் பற்றிய செய்திகளில் வந்ததுதான். உயிரியலுக்கு, வரலாற்றுக்கு ஒலி போதும். கணக்குக்கு ஒலி காலை வாரிவிடும். ஒரு சின்ன உதாரணம்: 'எக்ஸ் ப்ளஸ் ஒன் பை டூ'. கேட்கிறவனுக்கு இது (x+1)/2 ஆகவும் இருக்கலாம், x + 1/2 ஆகவும் இருக்கலாம். வாசித்துப் பதிவு செய்தவர் எங்கே மூச்சு விட்டார் என்பதை வைத்து ஊகிக்க வேண்டும். தேர்வில் ஊகம் உதவாது.

அதற்குத்தான் நெமத் பிரெய்ல் இருக்கிறது. ஏபிரகாம் நெமத் என்ற பார்வையற்ற கணிதப் பேராசிரியர் உருவாக்கிய குறிமுறை. பிரெய்ல் செல் என்பது ஆறு புள்ளி: இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. நெமத்தில் பின்னம் தொடங்கும்போது 1-4-5-6 என்று ஒரு திறப்புக் குறி, பின்னக் கோட்டுக்கு 3-4, முடியும்போது 3-4-5-6 மூடல் குறி. முதல் கணக்கை எழுதினால்: திறப்பு, x, கூட்டல், 1, கோடு, 2, மூடல். ஏழு செல். இரண்டாவதை எழுதினால்: x, கூட்டல், திறப்பு, 1, கோடு, 2, மூடல். இதுவும் ஏழே செல். திறப்புக் குறியின் இடம் மட்டும்தான் மாறுகிறது, அதை விரல் ஒரு நொடியில் பிடித்துவிடும். ஒரு மணி நேர ஒலிப்பதிவு தராத தெளிவு இது.

சாதாரண பிரெய்ல் மட்டும் தெரிந்த மாணவன் நெமத்துக்கு மாறும்போது முதலில் சறுக்குவது எண்களில். சாதாரண பிரெய்லில் 1 என்பது எண்குறி போட்டு மேல்வரிசையில் a எழுத்து. நெமத்தில் எண்கள் எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிடும், 1 என்பது புள்ளி 2 மட்டும். ஆறாம் வகுப்பிலேயே பழக்காமல் பதினொன்றாவதில் தொடங்கினால் பையனுக்குக் கணக்குப் புரியவில்லை என்று முத்திரை விழும். அவனுக்குப் புரியாதது குறிமுறைதான்.

அடுத்தது படங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பதும் இங்கேதான். புத்தகப் படத்தை அப்படியே மேடுறுத்திக் கொடுத்துவிடுகிறார்கள். கண் முழுப் படத்தையும் ஒரே வீச்சில் வாங்கும். விரல் நுனி ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத்தான் வாங்கும், மீதியை மூளை ஒட்டிச் சேர்க்க வேண்டும். அதனால்:

இரண்டு கோடுகளுக்கு நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். முப்பரிமாணத் தோற்றம் கொடுக்கும் சாய்கோடுகள் எல்லாம் வெட்டு. இதயத்தின் படத்தை ஒரே தாளில் கொடுக்காமல் முதல் தாளில் வெளிவடிவம், இரண்டாவதில் நான்கு அறைகள், மூன்றாவதில் ரத்தம் போகும் திசை என்று பிரிக்க வேண்டும். பெயர்களைப் படத்துக்குள் எழுதாமல் ஒற்றை எழுத்தாகப் போட்டு, விளக்கத்தைத் தனித் தாளில் கொடுக்க வேண்டும்.

செலவு பயப்படுகிற அளவு இல்லை. ரப்பர் விரிப்பு, குண்டூசி, ரப்பர் பேண்டு இருந்தால் குவிலென்ஸின் கதிர்ப் படம் முழுவதையும் மாணவனே போட்டுக் காட்டுவான். முதன்மை அச்சுக்கு ஒரு பேண்டு, கதிருக்கு ஒன்று, குவியத்தில் ஊசி. தப்பாகப் போட்டால் ஊசியைப் பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம்.

ஆய்வுக்கூடத்துக்கும் வழி உண்டு. ஊசி போடும் சிரிஞ்சின் தண்டில் 5 மி.லி.க்கு ஒரு வெட்டு போட்டால் நகத்தால் அளந்துவிடலாம். பேசும் வெப்பமானி, பேசும் தராசு கிடைக்கின்றன. தரம்பார்த்தலில் (டைட்ரேஷன், கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் சோதனை) நிறம் மாறுவதுதான் சிக்கல். ஒளியை ஒலியாக மாற்றும் சின்னக் கருவியைக் குடுவை மேல் வைத்தால் நிறம் மாறும்போது சுருதி மாறும். வெளிச்சம் ஒரே அளவில் இருக்க வேண்டும், யாராவது ஜன்னல் பக்கம் குறுக்கே போனால் அளவு கெட்டுவிடும். அதனால் குடுவையைச் சுற்றிக் கறுப்புத் தாள் கட்டாயம்.

திரைக்கண்

ஆறுபுள்ளி சார் சொன்ன x விஷயம் ஒரு காட்சியாக வந்திருந்தால் வழக்குக் காட்சியே வேறு உயரத்துக்குப் போயிருக்கும். 'என்னால் முடியும்' என்று சொல்வதைவிட நீதிபதி முன்னால் அந்த ஏழு செல்லைத் தடவிக் காட்டுவது எத்தனை பலம்!

நடிப்பைப் பற்றி. ராஜ்குமார் ராவ் கண்ணை மட்டும் வைத்து ஏமாற்றவில்லை. முகம் திரும்பும் நேரத்தைக் கவனியுங்கள். பார்வையுள்ள நடிகர்கள் இந்த வேடத்தில் அடிக்கடி செய்யும் பிழை, எதிரே இருப்பவர் பேசுவதற்கு முன்பே அந்தப் பக்கம் திரும்பிவிடுவது. குரல் வந்த பிறகு, அதுவும் காது அந்தப் பக்கம் சாய்ந்து, பிறகுதான் முகம் வர வேண்டும். இன்னொரு பிழை, கைகளை முன்னே நீட்டித் துழாவுவது. பழகிய அறையில் எந்தப் பார்வையற்றவரும் அப்படி நடப்பதில்லை. புறங்கையால் மேசை விளிம்பைத் தொட்டுக்கொண்டே போவார்.

வெள்ளைக்கோல் விஷயமும் சினிமாவில் பெரும்பாலும் தப்பாகவே வரும். தரையைக் குத்திக்கொண்டு போவதல்ல அது. கோல் மார்பெலும்பு உயரம். இடது கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் தொட வேண்டும், அதாவது அடுத்த கால் விழப்போகும் இடத்தை முன்கூட்டியே சோதிக்கிறது. வீச்சு தோளகலத்தைவிடச் சற்று அதிகம். 1940-களில் ரிச்சர்ட் ஹூவர் அமெரிக்காவில் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக வகுத்த முறை இது. வழிகாட்டுகிறவர் கையைப் பிடித்து இழுக்கும் காட்சிகள் இன்னொரு கொடுமை. பார்வையற்றவர்தான் வழிகாட்டியின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வர வேண்டும். படி வந்தால் வழிகாட்டியின் உடல் இறங்குவதைக் கையிலேயே உணர்ந்துவிடுவார், வாயால் சொல்லவே தேவையில்லை.

தேவிகா டீச்சராக ஜோதிகா அளந்து நடித்திருக்கிறார். இரண்டாம் பாதியில் வெற்றி தலைக்கேறி, கூட இருந்தவர்களையே காயப்படுத்தும் மனிதராக ஸ்ரீகாந்தைக் காட்டியது எனக்குப் பிடித்தது. மாற்றுத்திறனாளியைப் புனிதராக்குவதும் அவமதிப்புதான்.

கறுப்புக்கோட்டு

சட்டப் பக்கம் இரண்டு விஷயம்.

அவர் வழக்குப் போட்ட காலத்தில் இருந்தது 1995-ன் சட்டம். இப்போது இருப்பது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் 21 ஆயின. அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீதம், அதில் பார்வைக் குறைபாட்டுக்கு 1. 'நியாயமான ஏற்பாடு செய்து தருவது' என்பது சட்டத்திலேயே வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு பள்ளி 'எங்களிடம் வசதி இல்லை' என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று நீங்களும் எழுத்தில் கொடுங்கள்: நெமத் நூல், மேடுறுத்திய படம், எழுத்தர் (மாணவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர்), கூடுதல் நேரம். பொதுவாக 'வசதி வேண்டும்' என்று எழுதினால் பொதுவாகவே பதில் வரும்.

எழுத்தர் விஷயம்: மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈட்டு நேரம். மூன்று மணித் தேர்வு நான்கு மணி ஆகிறது. மாணவரே எழுத்தரை அழைத்து வந்தால், எழுத்தரின் படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது, 2025-ல் புதிய வழிகாட்டுதல் வந்துவிட்டது. பள்ளிப் பொதுத்தேர்வுகளுக்கு அந்தந்த வாரியம் தனி விதி வைத்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

எழுத்தர் படிப்பில் கீழே இருக்க வேண்டும் என்பதால் வரும் நடைமுறைச் சிக்கலை யாரும் பேசுவதில்லை. தொகையீட்டுக் குறியையே பார்த்திராத ஒருவருக்கு மாணவர் கணக்கைச் சொல்லி எழுத வைக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே இருவரும் உட்கார்ந்து சொற்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். 'அடைப்பு திற', 'அடைப்பு மூடு', 'மேலே சின்னதாக', 'கோடு போடு, கீழே வா' என்று. குறைந்தது மூன்று மாதிரித் தேர்வு எழுதினால் நேரம் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, திரைப்படங்கள் பற்றி. 2024 ஜூலை 8-ல் உச்ச நீதிமன்றம், நிபுண் மல்ஹோத்ரா தொடர்ந்த வழக்கில், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றி வழிகாட்டுதல் கொடுத்தது. குறையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, குறையுள்ளவரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று பிரித்தது. எல்லாரையும் 'சாதனையாளர்' ஆக்கிக் காட்டும் கட்டுக்கதையையும் கேள்வி கேட்டது.

தாமரை_வாசகி

அந்தக் கடைசி வரியில்தான் இந்தப் படத்தோடு எனக்குச் சண்டை. 98 சதவீதம் வாங்கியதால் அவருக்கு அறிவியல் படிக்கும் தகுதி இருந்தது என்பது போலப் படம் நகர்கிறது. 58 வாங்கியிருந்தாலும் உரிமை அதேதானே? பார்வையுள்ள பையன் 58 எடுத்து அறிவியல் படிப்பதை யாரும் தடுப்பதில்லை.

திரைக்கண்

தாமரை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாழ்க்கை வரலாற்றுப் படத்தில் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது, நடந்தது அது. செய்திருக்கக்கூடியது ஒன்றுதான்: அதே வகுப்பில் படித்த, சுமாராக மார்க் வாங்கும் இன்னொரு பார்வையற்ற மாணவனைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம்.

தாமரை_வாசகி

ஆமாம், அது போதும். அந்த ஒரு பையன் இருந்தால் படத்தின் வாதமே நேராகிவிடும்.

மட்டைத்தட்டு

தொழிற்சாலைக் கேள்விக்கு வருகிறேன். பொல்லன்ட் உள்ளே என்ன இயந்திரம் என்று சொல்ல வரவில்லை, பாக்கு மட்டைத் தட்டு பொதுவாக எப்படிச் செய்கிறார்கள், அதில் பார்வையில்லாதவர் எங்கெங்கே நிற்கலாம் என்று சொல்கிறேன்.

மரத்திலிருந்து தானாக விழுந்த மட்டைதான் சரக்கு. பொறுக்கி, வெயிலில் காயவைத்து, மழை படாமல் அடுக்குகிறார்கள். வேலைக்கு எடுக்கும்போது தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, சாய்த்து வைத்துத் தண்ணீர் வடிப்பார்கள். பிறகு சூடான அச்சில் வைத்து அழுத்த வேண்டும். 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம், மட்டையின் தடிமனைப் பொறுத்துக் கூடும் குறையும். ஓரத்தை அச்சே வெட்டிவிடும். அகலமான நடுப்பகுதியில் பெரிய தட்டு, மிச்சத்தில் கிண்ணம்.

கெடுவது எங்கே? ஊறல் குறைந்தால் அழுத்தும்போது விளிம்பில் விரிசல். ஊறல் கூடினால் அச்சில் நீராவி சிக்கித் தட்டு முழுதாகக் காயாது, வெளியே வந்ததும் கோணும். எல்லாவற்றையும் விடப் பெரிய நஷ்டம் பூஞ்சை. சூடாக வந்த தட்டை உடனே பாலித்தீனில் போட்டு ஒட்டினால் உள்ளே வியர்த்து, சில நாளில் புள்ளி புள்ளியாகப் பூத்துவிடும். காயவைத்து, ஆறவைத்து, பிறகுதான் பை.

இதில் பார்வையில்லாதவருக்கு ஊறவைப்பதும் கழுவுவதும் பழகிய கைக்கு எளிது. தரம் பார்ப்பதில் அவர்கள் கை நம் கண்ணைவிட மேல். கட்டைவிரல் நகத்தை விளிம்பு முழுக்க ஒரு சுற்று ஓட்டினால் மயிரிழை விரிசலும் தட்டும். தட்டைச் சுண்டினால் காய்ந்தது 'டக்'கென்று கணீர் என்று கேட்கும், ஈரம் இருந்தால் மந்தமாக இருக்கும். எண்ணிக்கைக்கு 25 தட்டு உயரத்தில் ஒரு மரச்சட்டம் வைத்துவிட்டால் அடுக்கி மட்டம் பார்த்தாலே போதும். கறையும் ஆரம்பநிலைப் பூஞ்சைப் புள்ளியும் மட்டும் விரலுக்குத் தெரியாது. கடைசி மேசையில் பார்வையுள்ள ஒருவர் உட்கார வேண்டும்.

எழில்_திருச்சி

அண்ணே, அச்சு இயந்திரம்? அதுதான் என் பயமே.

மட்டைத்தட்டு

எழில், காலால் மிதித்து இயக்கும் அச்சில் பார்வையுள்ளவருக்கே விரல் போகும். கை உள்ளே இருக்கும்போதே கால் மிதித்துவிடும். அதனால் இயக்கத்தை இரு கைப் பொத்தானாக மாற்ற வேண்டும். ஒரு பொத்தான் இடக்கோடியில், ஒன்று வலக்கோடியில், இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்குள் கை இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டி வைத்துவிட்டு ஒற்றைக் கையால் வேலை பார்க்கும் பழக்கம் வரும், அதை முதல் நாளே நிறுத்த வேண்டும். அதோடு, மட்டையை வைக்க அச்சின் முன்விளிம்பில் மரத் தடுப்பு, சூடு ஏறியதும் ஒரு ஒலி, நேரம் முடிந்ததும் வேறு ஒலி. இரண்டும் ஒரே பீப் சத்தமாக இருந்தால் குழப்பம்தான். தரையில் நடைவழிக்குக் காலுக்குத் தெரிகிற மேட்டுப் பட்டை, அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது.

தொழிலாக யோசிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைத் தட்டில் உள்ள இயற்கை நச்சுகள் உணவில் இறங்கலாம் என்று சொல்லி, அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. ஏற்றுமதியை மட்டும் நம்பி இயந்திரம் வாங்க வேண்டாம்.

விசைப்பலகை

அலுவலகப் பக்கம். முதலாளி பார்வையற்றவர் என்றால் கணக்கை யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று நினைக்கிறோம். தேவையில்லை. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் (கணினித் திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) போதும், ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவரும் 2006-ல் தொடங்கியது. தமிழும் வாசிக்கும். வலைப்பக்கத்தில் எச் விசையை அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும், இன்சர்ட் எஃப்7 அழுத்தினால் இணைப்புகள் பட்டியலாக வரும்.

முடங்குவது மற்றவர்கள் அனுப்பும் கோப்புகளில்தான். எக்செல்லில் அழகுக்காகக் கட்டங்களை இணைத்தால் வாசிப்பான் எந்த நெடுவரிசை என்று தடுமாறும். இணைக்காதீர்கள், தலைப்பு ஒரே வரிசையில் இருக்கட்டும். 'பாக்கி உள்ளவை சிவப்பில்' என்றால் அவருக்கு ஒன்றுமே தெரியாது, பக்கத்தில் 'பாக்கி' என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். பில்லை ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் புகைப்படம், எழுத்தறிதல் (ஓசிஆர், படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றுவது) செய்யாமல் அனுப்பினால் 'வெற்றுப் பக்கம்' என்றுதான் சொல்லும்.

வங்கி: செல்போனில் கேஒய்சி செய்யும்போது 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்கும் திரை பெரிய தடை. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் எண்மச் (டிஜிட்டல்) சேவை அணுகல் அரசியலமைப்பின் 21-வது பிரிவில் அடங்கும் என்று சொல்லி, இதற்கு மாற்று வழி தரச் சொன்னது. பிரக்யா பிரசூன் வழக்கு. வங்கிக் கிளையில் மறுத்தால் இந்தப் பெயரைச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

ரொக்கம்: புதிய நோட்டுகளில் 100, 200, 500 மூன்றுக்கும் உயரம் 66 மி.மீ. நீளம் மட்டும் 142, 146, 150. நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்தான், அவசரத்தில் விரல் ஏமாறும். ஓரத்தில் மேடான கோடுகள் உண்டு, 500-ல் ஐந்து. நோட்டு நைந்தால் அதுவும் தேய்ந்துவிடும். அளவு வெட்டிய அட்டை ஒன்று பர்ஸில் இருந்தால் நம்பலாம். ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி கேமராவில் பார்த்து மதிப்பைச் சொல்லும்.

எழில்_திருச்சி

எல்லாருக்கும் நன்றி. ஒரு கடைசிக் கேள்வி. பார்வையற்ற மாணவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட நினைத்தால் எப்படி?

திரைக்கண்

நெட்ஃபிளிக்ஸில் ஒலி மெனுவைத் திறந்து 'ஒலி விவரிப்பு' (திரையில் நடப்பதைக் குரலில் சொல்வது) என்ற தடம் இருக்கிறதா, எந்த மொழியில் என்று முதல் நாளே பாருங்கள். தியேட்டர்களுக்கு மத்திய அரசு 2024 மார்ச்சில் அணுகல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் 'பதான்' படத்தின் ஓடிடி பதிப்புக்கு ஒலி விவரிப்பு சேர்க்கச் சொன்னதிலிருந்து பேச்சு சூடு பிடித்தது.

தமிழில் நீங்களே விவரிப்பதானால் வசனத்துக்கு நடுவே உள்ள இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு நொடி இடைவெளியில் ஆறேழு தமிழ்ச் சொல்தான் நிற்கும். 'சோகமாக நிற்கிறார்' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், 'கடிதத்தை மடிக்கிறார், மறுபடி பிரிக்கிறார்' என்று சொல்லுங்கள், சோகத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இசை ஏறும் இடத்திலும் அடுத்தவர் மூச்சு இழுக்கும் இடத்திலும் வாயைத் திறக்கக் கூடாது. இந்தி வசனத்துக்குத் தமிழ் பெயர்ப்பும் நீங்களே சொல்ல முயன்றால் இரண்டும் கெடும். பெயர்ப்புக்கு ஒரு குரல், விவரிப்புக்கு வேறு குரல், முடிந்தால் ஒன்று ஆண் குரல், ஒன்று பெண் குரல்.

ஆறுபுள்ளி

படம் போடுவதற்கு முந்தின நாள் அந்த ஏழு செல் கணக்கை இரண்டு விதமாகவும் பிரெய்லில் குத்தி ஆளுக்கொரு தாள் கொடுங்கள் எழில். தாள் 120 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும், மெல்லிய தாளில் மூன்றாவது பையன் தடவும்போதே புள்ளி அமுங்கிவிடும். கோர்ட் காட்சி வரும்போது அது அவர்கள் கையில் இருக்கட்டும்.